கண் தைக்காத ஆடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஆட்டின் பின்புறத்திலிருந்து பிறந்தது. (முகம் சுளிக்காதீர்கள். நூலால் போட்ட ஆடுதான்.)

என்னிடம் ஒரு கம்பளிச் சால்வை இருக்கிறது. சாம்பல் நிறம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடுவாக, கையால் போட்ட பச்சைக் கொடி. கடையில் வேறொன்று பார்க்கப் போய் இதை எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பல நல்ல காரியங்கள் அப்படித்தான் நடந்திருக்கின்றன. போன மாதம் கதவுக் கொக்கியில் மாட்டி, ஓரத்தில் ஒரு விரல் நீளம் கிழிந்துவிட்டது. தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். மனுஷன் கிழிசலைப் பார்க்கவே இல்லை. சால்வையை மேசையில் விரித்து, நட்டநடுவில் விரலை வைத்து, "எழுத்தாளரம்மா, இது என்ன?" என்றார்.

ஆறு வருஷமாகப் போர்த்துகிறேன், அன்றுதான் பார்த்தேன். அது ஒரு கொடி இல்லை. இரண்டு. இடது முனையிலிருந்து ஒன்று ஓடிவருகிறது, வலது முனையிலிருந்து ஒன்று. நடுவில் இரண்டும் நேருக்கு நேர் நின்றுவிட்டன. நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு குட்டி வெள்ளைச் செம்மறி ஆடு நின்றுகொண்டு, இடது கொடியின் நுனியை மென்றுகொண்டிருக்கிறது. கூர்மையான முகம். தாடையில் ஒரு கரும்புள்ளி. பின்புறம் மட்டும் அந்த முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிசு. இடுப்பருகே மூன்று மஞ்சள் கோடுகள், பூச்சியோ என்னவோ.

"தலை ஒரு கை, பின்பக்கம் வேற கை" என்றார் தையல்காரர். "நூலைப் பாருங்க. தலையில இழுத்து இழுத்துப் போட்டிருக்கு, கோவக்காரக் கை. பின்னாடி தாராளமா, தளர்வா... சிரிச்சுக்கிட்டே போட்ட கை. ஆனா கண்ணைக் காணோம் பாருங்க. நான் ஒரு தையல் போட்டுத் தரவா? ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியும் என்று தோன்றியது. இந்தச் சால்வையை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் கட்டுவது. ஆடு மட்டும் நிஜம்.

2

தொடக்கம் ஒன்று: "வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலருகே அமர்ந்து"—

அடித்துவிட்டேன். பனி பெய்தால் அடுத்த வரியில் யாராவது பெருமூச்சு விட்டே ஆக வேண்டும்.

தொடக்கம் இரண்டு: "ஊசியின் காது வழியே அவள் உலகத்தைப் பார்த்தாள். அங்கே"—

அங்கே ஒன்றும் தெரியாது. நான் பார்த்தேன். கண்ணில் குத்திக்கொள்ளாமல் பிழைத்தது பெரிய காரியம்.

தொடக்கம் மூன்று: "'டீ ஆறுதுன்னு அவகிட்டச் சொல்லுங்க' என்றாள் மூத்தவள்." ஆ, இது நிற்கும். இதை வைத்துக்கொள்வோம்.

3

"டீ ஆறுதுன்னு அவகிட்டச் சொல்லுங்க" என்றாள் மூத்தவள்.

அவள் சொன்னது தன் புருஷனிடம். 'அவ' என்பது அவளுடைய ஓரகத்தி, அதாவது புருஷனின் தம்பி பெண்டாட்டி. இளையவள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 'அவ' இரண்டடி தள்ளி, டீயைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

"டீ ஆறுதாம்" என்றார் அவர்.

"ஆறட்டும், எனக்கு ஆறினாதான் பிடிக்கும்னு சொல்லுங்க மாமா" என்றாள் இளையவள்.

"ஆறினாதான் பிடிக்குமாம்."

"காதுல விழுந்துச்சு" என்றாள் மூத்தவள்.

இப்படிப் பதினோரு மாதம். தெருவில் அவருக்குத் தந்தி என்று பேரே வைத்துவிட்டார்கள். அவருடைய உண்மையான தொழில், கம்பளியில் அச்சு வைப்பது. மரக்கட்டையில் கொடி செதுக்கியிருக்கும். அதைச் சுண்ணப் பாலில் தோய்த்துத் துணியில் ஒற்றுவார். ஒற்றிய வெள்ளைக் கோட்டின் மேல் பெண்கள் இருவரும் நூல் போடுவார்கள். கடைசியில் அலசினால் கோடு போய்விடும், நூல் நிற்கும். அந்த வீட்டுச் சால்வைக்கு ஒரு பெருமை உண்டு. உள்பக்கம் வெளிப்பக்கம் என்று கிடையாது. முடிச்சே தெரியாமல் போடுகிற தையல்; எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இலை, அதே பூ.

சண்டை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு இலைக்கு.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யார் போட்ட தையலோ, அவர்தான் பிரிக்கணும். அடுத்தவர் தையலில் கத்தரி வைக்கக் கூடாது. போன வருஷம் மூத்தவள் நாலு நாள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் பாதியில் விட்டுப்போன சால்வையில் ஒரு இலை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. இளையவளுக்கு மனசு கேட்கவில்லை. பிரித்து, மறுபடி போட்டுவிட்டாள். பிரமாதமாகப் போட்டாள். உலகத்தில் எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. மூத்தவள் வந்தாள், விரலால் ஒரு தடவு தடவினாள், நிறுத்தினாள்.

"இந்த இலை யாரோடது?"

"நான்தான்க்கா. கொஞ்சம் கோணியிருந்துச்சு..."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு தந்திதான்.

மூத்தவளுக்கு வலித்தது எதனால் என்றால், அந்த இலை நிஜமாகவே கோணித்தான் இருந்தது. மறு வாரமே யாரிடமும் சொல்லாமல் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டாள். கண்ணாடி வழியே பார்த்தால் இளையவள் போட்ட இலை இன்னும் அழகாகத் தெரிந்தது. எரிச்சல் இரட்டிப்பானது.

(இரண்டாவது சட்டம் ஒன்றும் உண்டு: தொடங்கின கை, நடுவில் எத்தனை நாள் விட்டாலும், முடித்துவிட்டுத்தான் ஒரேயடியாக எழுந்திருக்கணும். இன்னொருத்தர் வந்து முடித்தால் சால்வை நொண்டும் என்பார்கள். இந்த வரியை நான் பின்னால் வந்து செருகினேன். ஏழாம் பகுதி எழுதும்போது தேவைப்பட்டது. கதை எழுதுவதில் இது ஒரு சௌகரியம். கம்பளியில் இப்படிச் செருகினால் தெரிந்துவிடும்.)

4

இதற்கு நடுவில் இளையவளின் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அவன் முன்னால் போய் வீடு பார்த்துவிட்டான். கையில் இருக்கிற சால்வை முடிந்ததும் இளையவளும் கிளம்ப வேண்டியது. வெள்ளிக்கிழமை காலை கடைக்காரர் வந்து சால்வையை எடுத்துக்கொள்வார், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஸ்.

ஆகவே வாசகரே, சிக்கல் இதுதான். பேசாமல் பிரிந்தால் இந்தப் பேச்சில்லாமை அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும்போது பேசாதவர்கள் ஐந்து மணி நேரம் தள்ளிப் போய் எதைப் பேசுவார்கள்? மூத்தவளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் முதலில் வாய் திறப்பது என்றால், 'அவதான் வரணும், நான் மூத்தவ' என்று நாக்கு மடங்கிக்கொண்டது.

வேலை அறையில் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. சால்வை இரண்டு மடியிலும் பாலம் போலக் கிடக்கும். ஊசி ஒரு பக்கம் ஓடும், ஊர்வம்பு ஒரு பக்கம் ஓடும். இப்போது முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் மூத்தவள் இடது முனையிலிருந்து. மத்தியானம் இளையவள் வலது முனையிலிருந்து. மடித்து வைத்துவிட்டுப் போவதோடு சரி.

கடைசி இரண்டு வாரமாக ஒரு விசித்திரம். இரண்டு பேருடைய கையும் மெதுவாகிவிட்டது.

"ஒரு இலைக்கு மூணு நாளா?" என்றார் தந்தி.

"நூல் சரியில்ல" என்றாள் மூத்தவள்.

"வெளிச்சம் சரியில்ல மாமா" என்றாள் இளையவள்.

5

இங்கே எழுத்தை நிறுத்திவிட்டு, கிழிசல் தைத்தாகிவிட்டதா என்று கேட்கப் போனேன். தைத்து மடித்து வைத்திருந்தார். கையோடு கொண்டுபோயிருந்த கதையை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"அந்தச் சின்னவ ரொம்ப நல்லவளா இருக்காளே" என்றார். "அப்படியெல்லாம் யாரும் இருக்க மாட்டாங்க. கொஞ்சம் குசும்பு வைங்க."

நியாயம்தான். ஆட்டின் பின்புறத்தைப் போட்டவள் சாதுவாக இருக்க முடியாது. (ஆகவே 3-ஆம் பகுதியில் 'ஆறினாதான் பிடிக்கும்' என்பது சேர்ந்தது. முதலில் அவள் "சரிங்க மாமா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.)

"அதெல்லாம் சரி, கொடி ரெண்டும் ஏன் முட்டிக்கிட்டு நிக்குது? அதைச் சொல்லவே இல்லையே?"

சொல்கிறேன். பழி முழுக்கத் தந்தியின் தலையில்.

அச்சுக்கட்டையில் கொடி இடமிருந்து வலமாக ஓடும். அவர் முதல் பாதியை ஒற்றி முடித்த நேரத்தில் அடுப்பங்கரையிலிருந்து ஒரு தந்தி: "ஜன்னலை யார் தொறந்து போட்டதுன்னு கேளுங்க." கம்பளியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பதில் தந்தி. பதிலுக்குப் பதில். அரை மணி கழித்துத் திரும்பி வந்து மிச்சப் பாதியை மட்டும் விரித்து ஒற்றினார். வெறும் கம்பளிக்கும் இரண்டு பக்கமும் ஒரே முகம்தானே? விரித்தபோது அது புரண்டுபோயிருந்தது. முதல் பாதி ஒரு முகத்தில், இரண்டாம் பாதி மறு முகத்தில். அந்த முகத்திலும் கொடி இடமிருந்து வலமாகத்தான் ஓடியது. திருப்பிப் பார்த்தால் வலமிருந்து இடம். முனையிலிருந்து முனைக்கு ஒரே கொடியாக ஓட வேண்டியது, இரண்டு முனையிலிருந்தும் புறப்பட்டு நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"பொம்பளைங்களுக்குத் தெரியாதா?" என்றார் தையல்காரர்.

தெரியாமல் என்ன! மூத்தவளுக்கு முதல் நாளே தெரியும். தன் பாதியில் கோடு இந்தப் பக்கம், அவள் பாதியில் கோடு அந்தப் பக்கம். வாயைத் திறந்தாள். 'மத்தியானம் அவ உக்காரும்போது பாப்பாள்ல? அவளே சொல்லட்டும்' என்று மூடிக்கொண்டாள். மத்தியானம் இளையவள் உட்கார்ந்தாள், பார்த்தாள், 'அக்கா காலையிலேயே பாத்திருப்பாங்க. அவங்களே சொல்லட்டும்' என்று சால்வையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஐம்பது நாள் இரண்டு பேரும் ஒருத்தர் சொல்லட்டும் என்று ஒருத்தர் காத்திருந்து, கொடியை அழகாக முட்டவிட்டார்கள்.

தையல்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என் வீட்லயும் இதான்" என்றார்.

6

புதன்கிழமை காலையில் தந்தி தற்செயலாகச் சால்வையை முழுக்க விரித்துவிட்டார்.

"ஐயையோ! ரெண்டும் கிடா மாதிரி முட்டிக்கிட்டு நிக்குதே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "யாராவது ஒருத்தர் பாதியைப் பிரிக்கணுமே. பிரிச்சுப் போட வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா கண்ணு தெரியல?"

பதில் தந்தி அனுப்ப ஆள் இல்லை. அவரே அல்லவா கேட்கிறார்.

"நடுவுல எதையாவது போட்டு மூடித் தொலைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மூத்தவள் ஜன்னலில் உட்கார்ந்தாள். முட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு நுனிகளையும் பார்த்தாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் இளையவள் மேலேயே வைத்துக்கொண்டாள். "ரெண்டும் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, ஆடு தின்னுடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்று ஜன்னலிடம் சொன்னாள். வெள்ளை நூலைக் கோத்தாள். தன் கொடியை ஒட்டி, நூலை இழுத்து இழுத்து, ஒரு ஆட்டுத் தலை போட்டாள். கூரான முகம். எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கிற மூக்கு. தாடையில் இளையவளுக்கு இருக்கிற மச்சம், கறுப்பு நூலில் ஒரு புள்ளி. கழுத்தோடு நிறுத்தினாள். நேரம் முடிந்துவிட்டது. மடித்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

மத்தியானம் அடுப்பங்கரையில் இருந்தவளுக்குக் கேட்டது. முதலில் விக்கல் மாதிரி. பிறகு தண்ணீர் கொட்டுகிற மாதிரி. இளையவளின் சிரிப்பு. பதினோரு மாதமாகக் கேட்காத சிரிப்பு. மூத்தவளின் கையிலிருந்த டம்ளர் நழுவித் தொட்டியில் விழுந்தது. கோபமாக இருக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

வியாழன் காலை. சால்வையை விரித்தாள். ஆட்டுக்கு உடம்பு வந்திருந்தது. உடம்பா அது! தளதளவென்று, தாராளமாக, இளையவளின் கொடி நுனி வரை பின்புறம் போய் முட்டிக்கொண்டு நின்றது. இடுப்பில் மஞ்சள் நூலில் மூன்று கோடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சாவிக்கொத்து. மூத்தவள் இருபது வருஷமாக இடுப்பில் செருகியிருக்கும் அதே சாவிக்கொத்து.

"அடிப் பாவி!"

கத்தரியை எடுத்தாள். மஞ்சள் நூலுக்கு அடியில் நுனியைக் கொடுத்துவிட்டாள். ஒரு நறுக்கு. அவ்வளவுதான் தேவை.

கை நின்றது. யார் போட்ட தையலோ, அவர்தான் பிரிக்கணும். இதற்காகத்தானே பதினோரு மாதம்? இப்போது தானே வெட்டினால், அந்தப் பதினோரு மாதத்துக்கு என்ன அர்த்தம்? பிரிக்கச் சொல்ல வேண்டும். தந்தியோ வீட்டில் இல்லை.

சால்வையை மார்போடு அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். இளையவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! என் பின்பக்கம் இவ்ளோ பெரிசா இருக்கா?"

இளையவள் கையில் மடித்த புடவையோடு அப்படியே நின்றாள். மூக்கு வழக்கம்போலத் தூக்கியே இருந்தது. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"அப்ப அந்த மூஞ்சி என் மூஞ்சியா?"

"உன் மூஞ்சிதான். அச்சு அசலா உன் மூஞ்சி."

"அப்ப அதுவும் உங்களோடதுதான். அளந்தா போட்டேன்? கண்ணால பாத்துதானே போட்டேன்" என்றாள் இளையவள், மூக்கை உறிஞ்சியபடி.

"பிரிடி அதை."

"நீங்க மூஞ்சியப் பிரிங்க, நான் பிரிக்கிறேன்."

இருவரும் பிரிக்கவில்லை. தந்தி திரும்பி வந்தபோது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. சால்வை இரண்டு மடியிலும் கிடந்தது. பதினோரு மாத பாக்கியை ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். "டீ வேணுமா?" என்று அவர் கேட்டது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவரே போட்டுக் குடித்தார். நிம்மதியாகக் குடித்தார்.

7

இங்கேயே முற்றும் போட்டிருக்கலாம். தையல்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனால் கண் பாக்கி இருக்கிறதே.

வியாழன் சாயங்காலம் மூத்தவள் சொன்னாள்: "கண்ணு ஒண்ணு இருக்கு. ஒரு தையல்தான். நீயே போடு. எனக்கு இந்த வெளிச்சத்துல தெரியல."

"தலை உங்களோடதுக்கா. உங்க தையல்ல நான் கை வைக்க மாட்டேன். ஒரு தடவை வச்சதே போதும்."

"அந்த இலை கோணித்தாண்டி இருந்துச்சு."

"தெரியும். இருந்தாலும் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. இது வேறு மாதிரிப் பேசாமை.

"நானும் போட மாட்டேன்" என்றாள் மூத்தவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப வேலை முடியலையே."

"முடியலதான்."

"முடியாத வேலையை விட்டுட்டு எப்படிக்கா எந்திரிக்கிறது?"

மூத்தவள் ஊசியைச் சிமிழில் போட்டு மூடினாள். சாவிக்கொத்தை எடுத்துச் சரியாகச் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்காரர் வந்தார். தந்திக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கொடி, ஆடு, எல்லாம் ஜோர் என்று அலசிக் காயவைத்திருந்த சால்வையை மடித்துக் கொடுத்துவிட்டார். உள்ளேயிருந்து இரண்டு பேரும் ஓடிவந்தபோது தெரு காலி.

"ஒரு தையல் பாக்கி இருந்துச்சே!" என்றாள் மூத்தவள். குரலில் அவ்வளவு வருத்தம் இல்லை.

"சால்வை திரும்பி வந்தாதானே போட முடியும்?" என்றாள் இளையவள். பெட்டியிலிருந்து இரண்டு புடவையை வெளியே எடுத்து வைத்தாள்.

8

முடிவு (அ): ஐந்து மணிப் பஸ்ஸில் அவள் போய்விட்டாள். ஒரு கண்ணுக்காக யாராவது வாழ்க்கையை நிறுத்துவார்களா?

முடிவு (ஆ): அவள் போகவில்லை. அவள் புருஷன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து, "சால்வை வந்துச்சா?" என்று கேட்கிறான். "வரல" என்கிறார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அவன் என்ன பாவம் பண்ணினான்?" என்றார் தையல்காரர். அவருக்கு (ஆ) பிடிக்கவில்லை. "ஆறு வருஷமா ஒருத்தன் பஸ்லயே அலையணுமா? கண்ணைப் போட்டு விட்டுடுங்க. அந்தப் பொண்ணு ஊர் போய்ச் சேரட்டும். பேசிட்டாங்கல்ல? லெட்டர் போட்டுக்குவாங்க."

"அக்காவுக்கு யார் இருக்கா?" என்றேன்.

"தந்தி இருக்கார்."

"அவர் டீயைத் தானே போட்டுக் குடிக்கிற ஆளு!"

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். கடைசியில் அவர் சலித்துக்கொண்டு ஒரு ஊசியில் கறுப்பு நூல் கோத்து, தைத்து வைத்திருந்த சால்வையின் மேலேயே குத்தி, "எழுதினவங்க நீங்க, நீங்களே போட்டுக்குங்க" என்று கையில் கொடுத்துவிட்டார்.

மூன்று நாளாக மேசையில் இருக்கிறது. ஆட்டின் முகத்தில் அந்த இடத்தைப் பார்க்கிறேன். ஒரே ஒரு தையல். போட்டால் வேலை முடிந்தது. எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொள்வாள். போடாவிட்டால் ஒருத்தன் இந்தச் சனிக்கிழமையும் பஸ் ஏற வேண்டும். நான் கட்டிய கதைதான், தெரியும். இருந்தாலும் கை வரவில்லை.

தலை என்னுடையதும் இல்லை. அடுத்தவர் தையல்.

அதனால் சால்வையை உங்கள் மடியில் போடுகிறேன். ஒரு முனை என் மடியிலேயே இருக்கட்டும். ஊசி கோத்தே இருக்கிறது, பார்த்து எடுங்கள், குத்திவிடும். அவசரம் ஒன்றும் இல்லை. போடுவதாக இருந்தால் மட்டும், போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சத்தமாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.